எத்தனை பேருக்குக் கட்டுவது?

அன்புள்ள கண்ணம்மா,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது; கேட்டால் உன்னிடம் "பரவாயில்லை" என்பாள், நம்பாதே. உன் தம்பி போன வாரம் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனான். சரி, அதெல்லாம் அப்புறம்.

தீம் பார்க்குக்குப் போகிறோம், காலை டிபனுக்கும் நடுநடுவே கொறிக்கவும் சுலபமாக என்ன எடுத்துப் போகலாம் என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாய். அவள் படித்துவிட்டுப் போனை என் கையில் கொடுத்துவிட்டாள். விடுதிச் சமையலறையில் காலம் தள்ளியவனிடம் வர வேண்டிய கேள்விதான். அதில் "நாங்க மூணு பேரும்" என்று எழுதியிருந்தாய். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். மூன்று என்றுதான் இருந்தது.

விடுதியில் நான் முதலில் கேட்பது ஆள் கணக்கு. என்ன சமைக்கலாம் என்பது அதற்கப்புறம்தான். அந்தப் பழக்கத்தில் கேட்கிறேன், வேறொன்றுமில்லை: மூன்று பேருக்கா, நாலு பேருக்கா? மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்றால் அதை ஒரு வரி எழுதியிருக்கலாம். போகட்டும். மூன்றுக்கும் நாலுக்கும் பொருந்துகிற மாதிரியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் காலை. பார்க் திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் தங்கம். வரிசை குட்டையாக இருக்கும், வெயில் ஏறியிருக்காது, பிள்ளைகளும் சிணுங்க ஆரம்பித்திருக்க மாட்டார்கள். ஓட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அந்த நேரம் போய்விடும். அறையிலேயே, அடுப்பில்லாமல், ஷூ மாட்டி முடிப்பதற்குள் சாப்பிட்டு எழுகிற மாதிரி இருக்க வேண்டும். அதற்கு ஊறவைத்த ஓட்ஸுக்கு மிஞ்சியது இல்லை. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் அரை கப் ஓட்ஸ், அரை கப் பால், கால் கப் தயிர். கலந்து ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்துவிடு. ஆளுக்கு ஒரு டப்பா என்றால் தட்டும் கழுவ வேண்டாம், உன்னது என்னது என்ற சண்டையும் இல்லை. வாழைப்பழத்தைக் காலையில் நறுக்கிப் போடு; ராத்திரியே போட்டால் கறுத்துவிடும். இது இப்போது வந்த ஃபேஷன் என்று நினைக்காதே. பிர்ஷர் பென்னர் என்ற சுவிஸ் டாக்டர் 1900 வாக்கிலேயே சூரிக்கில் தன் நோயாளிகளுக்கு ஊறின ஓட்ஸில் துருவின ஆப்பிளைக் கலந்து கொடுத்திருக்கிறார். நோயாளிகளுக்குக் கொடுத்தார் என்பதைப் பெரியவனிடம் சொல்லிவிடாதே. ஏற்கெனவே அவன் ஓட்ஸைப் பார்த்தாலே ஜுரம் வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். பேரீச்சையைப் பொடியாக நறுக்கிப் போட்டுக் கொடு, சாப்பிடுவான்.

ஒரு எச்சரிக்கை. அறையில் இருக்கிற குட்டி ஃபிரிட்ஜை அப்படியே நம்பிவிடாதே. சிலது பாட்டிலை ஜில்லென்று வைப்பதற்கு மட்டும்தான், பாலைக் காப்பாற்றாது. உள்ளே 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. சின்ன ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள், கனமே இல்லை. போய் இறங்கியதும் உள்ளே வைத்துப் பார். குளிர் போதவில்லை என்றால் ஓட்ஸை ராத்திரி ஊறவைக்காதே. காலையில் கெட்டிலில் வெந்நீர் வைத்து ஊற்றி மூடிவை, ஐந்து நிமிஷத்தில் ஆகிவிடும். பால் பவுடர் கொண்டு போயிருந்தால் அதுவே போதும்.

முட்டையை வீட்டிலேயே அவித்து, ஓட்டோடு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். உரித்து எடுத்துப் போகாதே. வழியெல்லாம் ஐஸோடு இருக்க வேண்டும். அந்த ரயிலில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், மறுபடி எழுத வேண்டாம்.

நீ கெட்டிக்காரி. டிக்கெட், அறை, வண்டி எல்லாம் நீயே பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். ராத்திரி தனியாக அவ்வளவு தூரம் வண்டி ஓட்டுகிற பெண் நம் குடும்பத்தில் வேறு யார்? பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் நீயே ஏன் பார்க்க வேண்டும் என்றும் தோன்றுகிறது. கேட்கவில்லை, தோன்றுகிறது என்றேன்.

பைக்கு வருகிறேன். கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பார்க்கின் விதிகளைப் படித்துவிடு. வெளிச்சாப்பாட்டையே விடாத இடமும் உண்டு, தாராளமாக விடுகிற இடமும் உண்டு. கண்ணாடி பாட்டிலைப் பெரும்பாலும் எங்கேயும் விட மாட்டார்கள். பெரிய கெட்டி ஐஸ் பெட்டியும் பல இடத்தில் வாசலோடு நின்றுவிடும், மடிகிற துணிப் பைதான் நல்லது. அதுவும் எந்த அளவு வரை என்று பார்த்துக்கொள். கைக்குழந்தைச் சாப்பாட்டுக்கும், டாக்டர் சொன்ன உணவுக்கும் சாதாரணமாக விலக்குத் தருவார்கள்.

ஐஸ் கட்டிக்காகத் தனியாகக் கனம் தூக்காதே. தண்ணீர் பாட்டிலையே முதல் நாள் ஃபிரீசரில் வைத்துவிடு. கழுத்து வரை நிரப்பாதே. உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பெருகும், பாட்டில் வெடித்துவிடும். முக்கால் அளவு ஊற்று. உறைந்ததைச் சாப்பாட்டுக்கு அடியில் வைக்காமல் மேலே வை, குளிர்ந்த காற்று கீழேதான் இறங்கும். உருக உருகக் குடிக்கத் தண்ணீர், கனமும் குறைந்துகொண்டே வரும். ஒரு ஆள் தூக்குகிற பை என்றால் இதெல்லாம் பார்க்கத்தான் வேண்டும். இரண்டு பேர் என்றால் பிரித்துக்கொள்ளலாம். ஒரு கையில் குட்டி, ஒரு கையில் தள்ளுவண்டி, தோளில் பை என்று நீ நிற்பதை நினைத்தால் எனக்கு இங்கேயே தோள் வலிக்கிறது.

விடுதிச் சுவரில் நான் எழுதி ஒட்டியிருந்தது உனக்குத் தெரியும், சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் எண் படித்தாய். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமி வேகமாகப் பெருகும். கெட்டுப்போகிற எதுவும் ஐஸ் இல்லாமல் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். அமெரிக்க வேளாண் துறை சொல்கிற கணக்கும் இதுவே. பால், தயிர், முட்டை, கறி, வெட்டின பழம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். முழு ஆப்பிள், வாழைப்பழம், பிஸ்கட், பேரீச்சை, வறுத்த பருப்பு, கடலை வெண்ணெய் தடவின ரொட்டி இதில் வராது. பத்து மணிக்குச் சாப்பிடாமல் திருப்பிவிட்ட தயிரை மூன்று மணிக்குப் பசியில் கேட்பார்கள். மோந்து பார்த்துக் கொடுக்காதே. கெட்ட எல்லாச் சாப்பாடும் நாறாது. கொட்டிவிடு.

ரொட்டிக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. இரண்டு துண்டுக்கும் ஓரம் வரை வெண்ணெய் தடவு. நடுவில் மட்டும் தடவிவிட்டு மூடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, அம்மா உட்பட. ஓரம் வரை வெண்ணெய் இருந்தால் ஈரம் ரொட்டிக்குள் இறங்காது, மத்தியானம் வரை நொசநொசக்காமல் இருக்கும். சீஸ் வைக்கலாம், அதற்கு ஐஸ் வேண்டும். தக்காளியையும் வெள்ளரிக்காயையும் உள்ளே வைத்து அனுப்பாதே. வெள்ளரிக்காயை விரல் நீளத்துக்கு வெட்டித் தனி டப்பாவில் போடு. வெயிலில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிற பிள்ளைகூட அதைக் கடிக்கும்.

குட்டிக்கு இன்னும் நாலு வயது முடியவில்லை. அவளுக்கு முழுப் பருப்பு கொடுக்காதே, பாப்கார்ன் வேண்டாம். திராட்சையை நெடுக்கு வாட்டில் வெட்டி, அதை மறுபடியும் நெடுக்கே வெட்டு. குறுக்கே வெட்டினால் வட்டமாகவே இருக்கும், குழந்தையின் தொண்டையை அடைக்கிற அளவு அதுதான். இதை அறையிலேயே செய்துவிடு, வரிசையில் நின்றுகொண்டு கத்தியைத் தேட முடியாது, கத்தியை உள்ளேயும் விட மாட்டார்கள். அப்புறம், வண்டியில் சாய்ந்துகொண்டோ, நடந்துகொண்டோ, சிரித்துக்கொண்டோ சாப்பிட விடாதே. நிற்க வைத்து, உட்கார வைத்து, பிறகு கையில் கொடு. குட்டிக்குத் திராட்சை விஷயத்தை மறக்காதே.

பெரியவன் சுற்றுகிற ராட்டினத்தில் ஏறுவதற்கு முன்னால் வயிறு நிறையக் கொடுக்காதே, காலியாகவும் ஏற்றாதே. இரண்டு பிஸ்கட், அரை வாழைப்பழம் போதும். எண்ணெய்ப் பண்டமும் பாலும் இறங்கின பிறகு. உன் தம்பியின் சட்டையை யார் அலசினார்கள் என்று உனக்குத் தெரியும்.

இங்கேதான் எனக்கு ஒன்று புரியவில்லை. பெரியவன் உயரம் வந்துவிட்டான், அவனை ரோலர் கோஸ்டரில் விடுவார்கள். குட்டியை விட மாட்டார்கள். பெரியவர் ஒருவர் குழந்தையோடு வெளியில் நிற்க, இன்னொருவர் ஏறி இறங்கிவிட்டு மாற்றிக்கொள்கிற வசதி பல பார்க்குகளில் உண்டு, மறுபடியும் முழு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். நீ பெரியவனோடு ஏறினால் குட்டியை யார் வைத்துக்கொள்வது? குட்டியோடு நின்றால் அவன் தனியாக ஏறுவானா? ஏறுவான், உன் பிள்ளை. இறங்கி வந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அந்தச் சத்தத்தில் ஓடி வருவான் பார், அப்போது நீ ஒருத்தி இருந்தாலும் போதும்தான். ஆனாலும் கேட்கிறேன்.

போன மாதத்து வீடியோ காலிலும் மாப்பிள்ளை ஆபீசில் இருக்கிறார் என்றாய், அதற்கு முந்தினதிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சொல்லாதே என்றாள். அப்புறம் இரண்டு வாரம் நீ கூப்பிடவே இல்லை. வேலை இருந்திருக்கும். ஆனால் சாப்பாட்டுக் கேள்விக்கு மட்டும் அம்மாவுக்குச் செய்தி போட நேரம் கிடைத்தது பார், அந்த வரைக்கும் சந்தோஷம்.

சாப்பிடுவதற்கு முன்னால் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வை. சானிட்டைசரை மட்டும் நம்பாதே. வாந்தி பேதி கொண்டுவருகிற நோரோவைரஸிடம் அது சரியாகப் பலிக்காது. கையில் ஒட்டின கடலை வெண்ணெயும் அதனால் போகாது, பக்கத்துப் பிள்ளைக்குக் கடலை ஒவ்வாமை இருந்தால் அந்தப் பிசுக்கே போதும். குழாய் தூரமாக இருந்தால் ஈர டிஷ்யூவால் நன்றாகத் துடைத்துவிடு. மத்தியானச் சாப்பாட்டைப் பதினோரு மணி வாக்கிலேயே முடித்துக்கொள், கூட்டம் பன்னிரண்டுக்குத்தான் வரும். வியர்த்துக் கொட்டுகிற நாளில் கொஞ்சம் உப்புப் பிஸ்கட்டும் பையில் இருக்கட்டும். சாக்லெட் வேண்டவே வேண்டாம், உருகிப் பையெல்லாம் பூசிவிடும்.

உனக்கென்று ஒரு டப்பா வை. பிள்ளைகள் மீதம் வைத்த ரொட்டி ஓரத்தைத் தின்றுகொண்டே நாளை ஓட்டாதே. நீ இளைத்துவிட்டாய். கேமரா கோணம் என்று சொல்லாதே, நான் பார்த்துச் சோறு போட்ட பிள்ளைகள் கொஞ்ச நஞ்சமில்லை.

இன்னும் சொல்ல இருக்கிறது, அம்மா கரண்ட் பில் கட்டப் போக வேண்டும் என்று நிற்கிறாள். திரும்பி வந்ததும் எங்களோடு பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம். மூன்று பேராக வந்தாலும் சரி, நாலு பேராக வந்தாலும் சரி. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அம்மாவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். பெரியவனுக்கு லீவு எப்போது என்று மட்டும் எழுது, டிக்கெட் நான் பார்க்கிறேன்.

திராட்சை, நெடுக்கே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: மாப்பிள்ளைக்குக் கடலை வெண்ணெய் ஆகாது என்று தெரியும். நாலாவது ரொட்டிக்குச் சீஸ் வைத்துக் கட்டு. ஆள் இல்லாமல் மீந்தால் நீ சாப்பிடு, ஐஸோடு இருந்தால் மத்தியானம் வரை ஒன்றும் ஆகாது.