பாட்டைத் தள்ள வேண்டாம், ஸ்பீக்கரே இழுத்துக்கொள்ளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராஸ்பெரி பை என்ற சிறிய கணினியில், பாட்டு இசைக்கும் எம்.பி.டி. மென்பொருளை நிறுவி, ஹார்டு டிஸ்க்கில் சேர்த்துவைத்த பாட்டுகளுக்குச் சொந்தமாகவே ஒரு பிளேயர் செய்துகொள்கிறவர்கள் உண்டு. அந்த வீட்டுக்குள் சோனோஸ் வை-ஃபை ஸ்பீக்கர் ஒன்று வந்து சேரும்போதுதான் சிக்கல். இரண்டும் ஒரே ரூட்டரில் இருக்கும்; ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாது. இதற்கென்று தனிப் பெட்டி வாங்கச் சொல்லி ஆலோசனை மட்டும் உடனே கிடைத்துவிடும். பெரும்பாலும் அது வீண் செலவு.

குழப்பம் ப்ளூடூத் பழக்கத்தால் வருவது. ப்ளூடூத்தில் போன் பாட்டைத் தள்ளும், ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளும். சோனோஸின் அடிப்படை வேறு. ஒரு முகவரியைக் கொடுத்தால் அதுவே அங்கே போய்ப் பாட்டை இழுத்துக்கொள்ளும். ஆகவே பிளேயரை, நம் வீட்டுக்கு மட்டும் ஒலிபரப்பும் வானொலி நிலையமாக மாற்றிவிட்டால் போதும். அந்த வசதி எம்.பி.டி.யிலேயே இருக்கிறது.

அதன் அமைப்புக் கோப்பில், வீட்டு நெட்வொர்க்கில் ஒலிபரப்பும் ‘எச்.டி.டி.பி.டி.’ (httpd) வகை வெளியீடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒலியைச் சுருக்கும் என்கோடர் ‘லேம்’ (lame), ஒலிபரப்பின் வாசல் எண்ணான போர்ட் 8000, பிட்ரேட் 320, ஃபார்மட் 44100:16:2 (விநாடிக்கு 44,100 ஒலி மாதிரிகள், 16 பிட், இரண்டு சேனல்). பிட்ரேட், குவாலிட்டி இரண்டில் ஒன்றைத்தான் எழுதலாம்; இரண்டையும் எழுதினால் பிழை காட்டும். ஃபார்மட் வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டு முடிந்து 48 கிலோஹெர்ட்ஸ் பாட்டு தொடங்கும் இடத்தில் ஒலி சட்டென்று நின்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான். அடுத்து ‘ஆல்வேஸ் ஆன்’ (always_on) என்பதை ‘எஸ்’ (yes) ஆக்குங்கள். இல்லாவிட்டால் பிளேயரில் ஸ்டாப் கொடுத்ததும் ஒலிபரப்பு அறுபடும். நிலையத்தை மூடிவிட்டார்கள் என்று ஸ்பீக்கர் விலகிக்கொள்ளும். பிறகு நீங்கள் பிளே கொடுத்தாலும் தானாகத் திரும்பி வராது. எம்.பி.டி.யின் ஒலியளவை 100இல் வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஸ்பீக்கரில் செய்வது நல்லது. விநாடிக்கு 320 கிலோபிட் என்றால் மணிக்கு 144 மெகாபைட். எல்லாம் வீட்டுக்குள்ளேயே சுற்றுவதால் இணைய டேட்டா செலவாகாது.

அதே இயந்திரத்தில், இணைய வானொலி நடத்தும் ஐஸ்காஸ்ட் மென்பொருளும் இருந்தால் அதுவும் 8000 போர்ட்டைத்தான் கேட்கும். ஏதாவது ஒன்றை 8001க்கு மாற்றுங்கள். ஸ்பீக்கரைத் தொடுவதற்கு முன் போனில் வி.எல்.சி. செயலியைத் திறந்து, ராஸ்பெரி பையின் ஐ.பி. முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். அங்கே பாடாதது ஸ்பீக்கரிலும் பாடாது.

இனி ஸ்பீக்கருக்கு அந்த முகவரியைச் சொல்ல வேண்டும். ‘சோகோ’ என்ற இலவச பைத்தான் நிரல் தொகுப்பு இதற்குப் போதும். ‘பிளே யு.ஆர்.ஐ.’ கட்டளையில் ஒலிபரப்பின் முகவரியைக் கொடுத்து, ‘ஃபோர்ஸ் ரேடியோ’ தெரிவை ‘ட்ரூ’ என்று வைக்க வேண்டும். அதை விட்டால், முடிவே இல்லாத ஒலிபரப்பை ஸ்பீக்கர் ஒரு தனிப்பாட்டுக் கோப்பாக எண்ணித் தடுமாறும். இந்தக் கட்டளை ஸ்பீக்கரின் 1400 போர்ட்டுக்கு நேரே போகிறது. நிறுவனத்தின் செயலி நடுவில் வருவதில்லை. 2024 மே மாதம் சோனோஸ் செயலியை அடியோடு மாற்றியபோது, தூங்கும் நேரத்துக்கான டைமரும் சொந்தப் பாட்டுத் தொகுப்பில் தேடும் வசதியும் காணாமல் போய்ப் பயனர்கள் கொதித்தது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குறுக்குவழியின் அருமை புரியும்.

ஒரு குறை உண்டு. பிளேயரில் பாட்டை மாற்றினால், சில விநாடிகள் கழித்துத்தான் ஸ்பீக்கரில் மாறும். இது கோளாறு அல்ல; தடங்கல் வராமலிருக்க ஸ்பீக்கர் ஒலியை முன்கூட்டியே சேர்த்துவைத்துக்கொள்கிறது. பாட்டுக்குப் பரவாயில்லை. படம் பார்க்க உதவாது: உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்.

அந்தத் தாமதம் பொறுக்காதவர்களுக்கு வயர்தான் வழி. சோனோஸின் ஃபைவ், போர்ட், ஆம்ப் ஆகிய மாடல்களில், வெளி ஒலியை வயரில் வாங்கும் லைன்-இன் துளை இருக்கிறது. எரா 100க்குத் தனி அடாப்டர் வேண்டும். ராஸ்பெரி பை 4 வரையிலான பெரிய பலகைகளில் உள்ள ஹெட்போன் துளையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். இரைச்சல் தெளிவாகக் கேட்கும். பை 5இல் அந்தத் துளையே கிடையாது. டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக்கும், பி.சி.எம்.5102ஏ சில்லு வைத்த சிறிய டி.ஏ.சி. பலகை போதும். பலகையின் பி.சி.கே. வயர் ராஸ்பெரி பையின் 12ஆம் பின்னுக்கு, எல்.ஆர்.சி.கே. 35க்கு, டி.ஐ.என். (DIN) 40க்கு. எஸ்.சி.கே.யைக் கிரவுண்டுடன் இணைக்க வேண்டும். அதை அந்தரத்தில் விட்டுவிட்டுப் பலகை கெட்டுப்போனதென்று தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு. பிறகு, பலகையைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் ‘ஹைஃபைபெரி டாக்’ ஓவர்லே வரியைக் கணினியின் கான்ஃபிக் கோப்பில் சேர்த்து ரீபூட் செய்யுங்கள். லைன்-இன் தாமதம் 75 மில்லி விநாடியிலிருந்து தொடங்குகிறது. ஒலி விட்டு விட்டுக் கேட்டால் சோனோஸ் செயலியில் அதைக் கூட்டலாம்.

வை-ஃபையில் ஒலியை அனுப்பும் ஆப்பிளின் ஏர்பிளே 2 முறை உள்ள ஸ்பீக்கர் என்றால் ‘ஓன்டோன்’ மென்பொருள் இன்னும் எளிது. எம்.பி.டி.யின் ஒலியை, ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் ஃபிஃபோ குழாய் வழியாக அதற்கு ஊட்டினால் ஸ்பீக்கருக்கு அதுவே அனுப்பிவிடும். ஷேர்போர்ட் சிங்க் என்ற மென்பொருளை நிறுவிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அது ஏர்பிளேயை வாங்குவது, அனுப்புவதல்ல.

மென்பொருள் எல்லாம் சரியாக இருந்தும் பாடவில்லையென்றால் ரூட்டரைப் பாருங்கள். ஃபைபர் இணைப்போடு வந்த மோடம் ஒரு வை-ஃபை கொடுக்கும். பின்னறைக்கு சிக்னல் போதவில்லை என்று வாங்கிய ரூட்டர் இன்னொன்று கொடுக்கும். ஒன்றில் பிளேயர் 192.168.1 வரிசையிலும் மற்றதில் ஸ்பீக்கர் 192.168.0 வரிசையிலும் இருந்தால் அவை சந்திக்கவே முடியாது. இரண்டாவது ரூட்டரை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றினால் சரியாகும். கெஸ்ட் வை-ஃபையில் எதையும் சேர்க்காதீர்கள். அதன் வேலையே கருவிகளைப் பிரித்துவைப்பது. பிளேயருக்கும் ஸ்பீக்கருக்கும் ஐ.பி. முகவரியை ரூட்டரிலேயே நிலையாக ஒதுக்கிவிடுங்கள். நேற்று பாடியது இன்று பாடாததற்கு முகவரி மாறிப்போனதே அடிக்கடி காரணம்.

மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். ராஸ்பெரி பை 4க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் தேவை. பழைய போன் சார்ஜரில் ஓட்டி, அதிலேயே ஹார்டு டிஸ்க்கையும் தொங்கவிட்டால், டிஸ்க் சுழலத் தொடங்கும்போது மின்னழுத்தம் இறங்கிப் பாட்டு திக்கும். கரண்ட் போய் வந்தபின் ராஸ்பெரி பை பெரும்பாலும் ரூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் முன்பே விழித்துக்கொள்ளும். சோகோ கட்டளையை ஒரே முறை மட்டும் அனுப்புமாறு எழுதியிருந்தால் அது ஆளில்லாத வீட்டில் கதவைத் தட்டிய கதைதான். ஸ்பீக்கர் பதில் சொல்லும்வரை 30 விநாடிக்கு ஒருமுறை திரும்ப அனுப்புமாறு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்