விடிய ஸ்டார்ட் வராத காரும் அப்பாவும்

கல்லடி, மட்டக்களப்பு

அன்பு மகளுக்கு,

குளிரில் விடிய ஸ்டார்ட் வராத உன் டீசல் காரை எடுத்து நீ அனுப்பிய வீடியோவை அம்மா ஒருதரம் பார்த்தா, நான் ஒன்பது தரம் பார்த்தேன். அம்மா பார்த்தது உன் முகத்தை, மெலிந்துவிட்டாயாம். நான் கேட்டது ஸ்டார்ட்டர் மோட்டர் சத்தத்தை.

சத்தத்தில் குறையில்லை. பற்றரி படுத்திருந்தால் இஞ்சின் முனகி முனகி இழுத்துச் சுற்றும். உன்னுடையது கடகடவென்று சுற்றுகிறது. அதனால் கராஜில் சொன்னார்கள் என்று உடனே புதுப் பற்றரிக்குக் காசைக் கொட்டாதே. கடுங்குளிரில் பற்றரியின் பலம் பாதிவரை குறையும் என்பது உண்மைதான். மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லு. சும்மா நிற்கும்போது 12.6 வோல்ற் காட்டினால் நிறைந்திருக்கிறது. சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் மட்டும் அதைச் சந்தேகப்படலாம்.

மறுகா புகை. நீ திறப்பைத் திருகும்போது பின்னால் வெள்ளையாகப் போகிறதே, கவனித்தாயா? அது எரியாத டீசல். கிட்டப் போனால் கண் எரியும். அப்படியென்றால் டீசல் இஞ்சினுக்குள் வருகிறது, பற்றத்தான் மாட்டேன் என்கிறது. புகையே இல்லாமல் சும்மா சுற்றினால் கதை வேறு: டீசல் மெழுகாக உறைந்து பில்டரை அடைத்திருக்கும், இல்லாவிட்டால் குழாயில் காற்றுப் புகுந்து இரவோடிரவாக டீசல் டாங்கிக்கே திரும்பிப் போயிருக்கும்.

பெற்றோல் இஞ்சினில் பொறி வைத்துப் பற்ற வைப்பார்கள். டீசலுக்குப் பொறி இல்லை, காற்றை நெரிக்கிற சூட்டில்தான் அது பற்றும். இரும்பே உறைந்து கிடக்கிற விடியலில் அந்தச் சூடு போதாது, அதற்குத்தான் கரண்டில் சூடாகி உள்ளே சூடேற்றுகிற ஹீற்றர் பிளக்.

இதை நான் படித்த இடம் நுவரெலியா. நீ அப்போது நாலாம் வகுப்பு. ஆரையம்பதியிலிருந்து என் வேனில் ஒரு ஹயர், பதின்மூன்று பேர். செங்கலடியால் ஏறி மஹாஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை என்று போய்ச் சேர்ந்தோம். தை மாதம். விடிய எழும்பிப் பார்த்தால் புல்லெல்லாம் உப்புப் பூத்ததுபோல் வெள்ளை. வேன் சுற்றுகிறது, வெள்ளைப் புகை கக்குகிறது, ஸ்டார்ட் மட்டும் இல்லை. சனம் போர்வையோடு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒரு பொடியன் இஞ்சினை ஸ்டார்ட் பண்ண அடிக்கிற ஸ்பிரே டின்னோடு ஓடி வந்தான். பக்கத்து லொறியின் வயதான பாஸ் அவனைத் துரத்திவிட்டார். “அது இஞ்சினுக்குக் கசிப்பு” என்றார். ஹீற்றர் சூடாக இருக்கும்போது அதை அடித்தால் உள்ளே வெடித்துப் பிஸ்டனையே உடைத்துவிடும். உனக்கும் யாராவது அந்த டின்னை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லு.

பிறகு அவர் நாலு பிளக்கையும் இணைக்கிற தகட்டைக் கழற்றினார். சின்னப் பல்ப் ஒன்றின் ஒரு வயரைப் பற்றரியின் பிளஸ்ஸில் மாட்டி, மற்றதை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டார். முதலாவதில் எரியவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் எரிந்தது, நாலாவதில் இல்லை. மூன்று செத்திருக்கிறது! எப்போது செத்ததோ, ஆருக்குத் தெரியும்? நம்மட ஊரில் மார்கழி மழையிலும் விடிய 23, 24 பாகை இருக்கும். கொஞ்சம் கூடச் சுற்றினால் வந்துவிடும். வேனுக்கு வயசு போய்விட்டது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

ஸ்டார்ட் வந்த பிறகும் உன் கார் ஒரு நிமிடம் மூன்று காலில் நிற்பதுபோல் ஆடுகிறது, வேலை முடிந்து பகலில் எடுத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை என்கிறாய். எனக்கு ஹீற்றர் பிளக்கில்தான் கண். டாஷ்போர்ட்டில் அந்தச் சுருள் லைட் எரிந்து அணைகிறதே என்பாய். அது நேரத்தைத்தான் சொல்லும், பிளக் சூடானதா என்று சொல்லாது. உன்னுடையது புது வகை இஞ்சின், கம்பியூட்டர் பூட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஆனால் பிளக்கை ஒவ்வொன்றாக அளக்கவும் சொல்லு. நல்ல பிளக் மீற்றரில் ஏறக்குறைய ஒரு ஓம் தடை காட்டும், செத்ததில் அளவே வராது. பிளக் எல்லாம் சரியென்றால் அதற்குக் கரண்ட் கொடுக்கிற ரிலேயைப் பார்க்க வேணும். கழற்றும்போது இஞ்சின் சூடாக இருக்கட்டும், இறுகியிருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். உள்ளே முறிந்தால் இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டையே கழற்ற வேண்டி வரும், அந்த பில்லை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது.

அதுவரை திறப்பை ஒரேயடியாகத் திருகாதே. லைட் அணையும்வரை பொறு, நிறுத்து, திரும்ப ஒருக்கால் பொறு, அப்புறம் திருகு. டாங்கியில் கோடையில் அடித்த டீசல் மிச்சம் இருந்தால் குளிர்கால டீசலால் நிரப்பு.

நாளை விடிய இன்னொரு வீடியோ எடு. முதலில் சைலன்சர் பக்கம், பிறகு கொஞ்சம் உன் முகம். அம்மா கேட்கிறா.

அன்புடன்,
அப்பா