மியூனிக்கில் பாதி, வெளிநாட்டில் மீதி: யாழினிக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் யாழினிக்கு,

நவம்பர் பிறந்தால் பவேரியாவில் மேகம் கீழிறங்கிவிடும், வாராவாரம் விமானப் பயிற்சிப் பாடம் ரத்தாகும் என்று நீ சொல்வது சரிதான். அதற்காக ஃப்ளோரிடாவில் மூன்று வாரம் தங்கி பிபிஎல்-ஐ, அதாவது சொந்தமாக விமானம் ஓட்டும் லைசென்ஸை, முடித்துவிடலாம் என்ற உன் கணக்குதான் சரிவரவில்லை. பறந்த மணி நேரம் நாடு விட்டு நாடு அப்படியே வந்துவிடாது. லைசென்ஸில் முத்திரை குத்தப்போவது எந்த நாடு என்று முதலில் முடிவு செய். பள்ளி, ஊர், விமானமெல்லாம் அதற்குப் பிறகு.

ஜெர்மன் இன்ஸ்ட்ரக்டரோடு ஜெர்மனியில் பறந்த நேரத்தை அமெரிக்க விதி 61.41 ஏற்கிறது. ஆனால் சோலோவுக்கும் (தனியாகப் பறப்பதற்கும்) தேர்வுக்கும் அமெரிக்க இன்ஸ்ட்ரக்டரின் கையெழுத்துதான் செல்லும். இரவில் 3 மணி நேரம், கருவிகளை மட்டும் பார்த்து 3 மணி நேரம் என்று அங்கே கேட்பார்கள். ஐரோப்பாவில் இரவுப் பறத்தல் தனி ரேட்டிங், லைசென்ஸோடு பிறகு சேர்க்கும் தகுதி, என்பதால் உன் லாக்புக்கில் (பறந்த கணக்குப் புத்தகத்தில்) அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும். இதையெல்லாம் சமாளித்துவிடலாம். இடிப்பது விசா. எம்-1 என்ற தொழிற்பயிற்சி மாணவர் விசாவுக்குக் காகிதம் தரும் பள்ளிகள் பெரும்பாலும் அமெரிக்க விமான விதியின் பகுதி 141-இன் கீழ் நடப்பவை. அவர்களுடைய பாடத்திட்டம் குறைந்தது 35 மணி நேரம். 141 அல்லாத பயிற்சிக்கு அதில் 25 சதவீதம், அதாவது 8.75 மணி நேரத்துக்கு மேல் கழித்துத் தர மாட்டார்கள், அதுவும் உன்னைச் சோதித்துப் பார்த்த பிறகுதான். நீ 25 மணி நேரம் கொண்டுபோனால் 16 மணி நேரத்துக்கான யூரோ போனது போனதுதான். சுற்றுலா விசாவில் போகலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே.

அமெரிக்க லைசென்ஸோடு திரும்பினாலும் அதை ஐரோப்பிய லைசென்ஸாக மாற்றத் தனி விண்ணப்பமும் நிபந்தனைகளும் உண்டு. இதுவே ஜெர்மன் லைசென்ஸை முதலில் வாங்கிவிட்டால், அதைக் காட்டி 61.75 விதிப்படி அமெரிக்கச் சான்றிதழைத் தேர்வு எழுதாமலே பெறலாம். அங்குள்ள இன்ஸ்ட்ரக்டரோடு ஒரு ஃப்ளைட் ரிவ்யூ (உன் பறத்தலைச் சரிபார்க்கும் பாடம்) முடித்தால் போதும், நீயே கேப்டனாகப் பறக்கலாம். ஆகவே ஃப்ளோரிடா இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்.

குளிருக்குத் தப்பிக்கத் தெற்கு ஸ்பெயின் போ. அங்கேயும் ஐரோப்பிய விதிதான், அதே 45 மணி நேரம்: இன்ஸ்ட்ரக்டரோடு குறைந்தது 25, சோலோ 10, அந்தச் சோலோவில் 5 மணி நேரம் ஊர் விட்டு ஊர். ஆனால் ஒன்பது எழுத்துத் தாள்களையும் ஒரே நாட்டு அதிகாரத்தின் கீழ்தான் எழுத வேண்டும். ஜெர்மனியில் நாலு, ஸ்பெயினில் ஐந்து என்று பிரித்தால் செல்லாது. முதல் தாளை எழுதிய மாதக் கடைசியிலிருந்து 18 மாதத்துக்குள் அத்தனையும் முடிய வேண்டும் என்பதால், பள்ளி மாறும் முன்பே ஜெர்மனியில் எழுதி முடித்துவிடு. ரேடியோவில் பேசுவதற்கான ஜெர்மன் சான்றிதழ் பிஇசட்எஃப். அதில் பிஇசட்எஃப்-2 ஜெர்மன் மொழிக்கு மட்டுமே, ஸ்பெயினில் உதவாது. ஆங்கிலமும் சேர்ந்த பிஇசட்எஃப்-1-ஐயே எழுது.

எந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பள்ளி மாறுவது என்பதில்தான் பணம் மிச்சமாவதும் வீணாவதும். முதல் சோலோ முடிந்து, சர்க்யூட் (ஓடுபாதையைச் சுற்றிப் பறந்து இறங்குவது) நன்றாகப் படிந்த பிறகு மாறு. நேவிகேஷனை இன்ஸ்ட்ரக்டரோடு ஓர் ஊரிலும் தனியாக இன்னோர் ஊரிலும் வைத்துக்கொள்ளாதே. பழக்கமில்லாத வான்வெளியில் உன்னைத் தனியே அனுப்பும் பொறுப்பு புது இன்ஸ்ட்ரக்டருடையது, முழுப் பாடத்தையும் திரும்பப் பறக்க வைக்காமல் அவர் விடமாட்டார். 270 கிலோமீட்டர் சோலோ, நடுவில் இரண்டு விமான நிலையங்களில் இறங்கி முழுவதும் நின்று கிளம்புவது, இதை ஸ்பெயினிலேயே வைத்துக்கொள்.

எப்படிப் பார்த்தாலும் முதல் மூன்று நாலு மணி நேரம் புது விமானம் பழகவே போய்விடும், அதற்கும் பணம் ஒதுக்கு. நீ இப்போது ஓட்டும் அக்விலா விமானத்தின் ரோட்டாக்ஸ் எஞ்சினில், பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் மிக்ஸ்சர் குமிழே கிடையாது, சாவியைத் திருப்பினால் நின்றுவிடும். செஸ்னா 172 விமானத்தில் சிவப்பு நிறத்தில் இருக்கும் அந்தக் குமிழை முழுவதும் வெளியே இழுத்துத்தான் எஞ்சினை நிறுத்த வேண்டும். பழக்கதோஷத்தில் சாவியை மட்டும் திருப்பினால் சிலிண்டரில் பெட்ரோல் தங்கிவிடும். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவில் கோளாறு இருந்து, பிறகு யாராவது ப்ரொப்பெல்லரைக் கையால் அசைத்தால் எஞ்சின் சட்டென்று சுற்றலாம். கை போய்விடும், மா. பார்க்கிங்கில் வெறுமனே உட்கார்ந்து நிறுத்தும் செக்லிஸ்ட்டைப் பத்து முறை கைவைத்துப் பார்.

மியூனிக்கை விட்டுக் கிளம்பும் அன்றே பயிற்சிப் பதிவேட்டின் நகலைப் பள்ளி முத்திரையோடு கேட்டு வாங்கு. லாக்புக்கில் ஒவ்வொரு வரியிலும் விமானப் பதிவெண், செய்த பயிற்சி, இன்ஸ்ட்ரக்டரின் லைசென்ஸ் எண், கையெழுத்து நாலும் இருக்க வேண்டும். “நல்ல பாடம்” என்று மட்டும் எழுதிய வரியைப் புதுப் பள்ளி கணக்கில் எடுக்காது. அந்த நகலை ஸ்பெயின் பள்ளியின் பயிற்சித் தலைவருக்கு அனுப்பி, எத்தனை மணி நேரத்தை ஏற்கிறார், கடைசித் தேர்வுக்கு அவரே பரிந்துரை தருவாரா என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கு. முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டாதே, பறக்கப் பறக்கக் கட்டு.

அவர் பதிலை எனக்கும் அனுப்பு. ஒரு தடவை படித்துப் பார்த்துச் சொல்கிறேன், பிறகு டிக்கெட் எடு.

அன்புடன்,
அப்பா