கர்னலுக்கு எந்த மொழி?

அன்புள்ள கதிருக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததும், சேர்ந்த கையோடு சொந்தமாக ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுத அவள் உட்கார்ந்துவிட்டதும் படித்து மனசு நிறைந்தது. எந்த மொழி என்று கேட்டிருந்தாய். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னலுக்கு சி மொழி, கூடவே ப்ராசஸரின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் அசெம்ப்ளி கொஞ்சம்.

அவளுக்குப் பைதான் கைவந்திருக்கிறது, அதுவே போதாதா என்கிறாய். பைதான் ஓட, அதைப் படித்து இயக்கும் இன்டர்ப்ரெட்டர் வேண்டும். அதற்கு மெமரியும் ஃபைலும் கொடுக்கக் கீழே ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேண்டும். இவள் கட்டப்போவதே அந்தக் கீழ்த்தளத்தைத்தான். ஜாவாவும் கோவும் அப்படியே, ஓடும்போது துணை நிற்கும் ரன்டைம் இல்லாமல் நகராது. சி மொழிக்கு, ஃபங்ஷன்களின் தற்காலிக மதிப்புகளை அடுக்கும் மெமரியான ஸ்டாக்கை வைக்க ஓர் இடம் கிடைத்தால் போதும். அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் 1973-இல் யூனிக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கர்னலை அதில் திருப்பி எழுதிக் காட்டிவிட்டார்கள்.

அந்த ஸ்டாக்கை அமைத்துக் கொடுக்கத்தான் அசெம்ப்ளி. இருபது முப்பது வரி வரும். 16 கேபி ஒதுக்கி, அதன் மேல் முனையை ஸ்டாக்கின் முனையைக் காட்டும் ஸ்டாக் பாயின்டரில் வைக்க வேண்டும். பலர் கீழ் முனையை வைத்துவிடுகிறார்கள். ஸ்டாக் கீழ்நோக்கி வளர்வதால், அதற்குக் கீழே இருக்கும் டேட்டா சத்தமில்லாமல் அழிந்துபோகும். கர்னலை அடையாளம் காட்டும் மல்டிபூட் ஹெடர், கர்னல் ஃபைலின் முதல் 8192 பைட்டுக்குள் இருக்க வேண்டும். கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் லிங்கரின் ஸ்கிரிப்டில் அதை முதலில் போடாவிட்டால், கணினி தொடங்கும்போது கர்னலை ஏற்றும் க்ரப் அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம்.

லினக்ஸில் இருக்கும் சி கம்பைலரான ஜிசிசியை அப்படியே பயன்படுத்த வேண்டாம் என்று சொல். திரையில் அச்சிடும் பிரிண்ட்எஃப் கொண்ட, இவள் கர்னலில் இல்லாத லைப்ரரியின் ஹெடர் ஃபைலைச் சேர்த்தாலும் அது முணுமுணுக்காமல் கம்பைல் செய்துவிடும். லிங்க் செய்யும்போதுதான் தவறு தெரியும். லினக்ஸுக்காக அல்லாமல் வெறும் கணினிக்காகக் கம்பைல் செய்யும் ஐ686-எல்ஃப் கிராஸ் கம்பைலர் என்றால் அந்த வரியிலேயே நிற்கும். கீழே ஆப்பரேட்டிங் சிஸ்டம் இல்லை என்று சொல்லும் ஃப்ரீஸ்டாண்டிங் ஃப்ளாக் கொடுத்தாலும், மெமரியைக் கையாளும் மெம்காப்பி, மெம்செட், மெம்மூவ், மெம்கம்பேர் நான்கையும் அவளே எழுதிவைக்க வேண்டும். அவள் கோடில் எங்கும் அழைக்காவிட்டாலும் ஜிசிசி தானாக அழைக்கும்.

முதல் வேலை திரையில் ஓர் எழுத்து. பழைய விஜிஏ டெக்ஸ்ட் திரைக்கு 80 நெடுவரிசை, 25 வரி. எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட். ஹெக்ஸில், அதாவது 16 அடிமான எண்ணில், பி8000 என்ற முகவரியில் 0எஃப்41 எழுதினால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை ஆங்கில ‘A’ வரும். பாயின்டரை வாலடைல் என்று அறிவிக்கச் சொல். இல்லையென்றால், எழுதியதை யாரும் படிக்கவில்லையே என்று கம்பைலரின் ஆப்டிமைசர் அந்த வரியைத் தூக்கிவிடலாம்.

ரஸ்ட் நல்ல மொழி. லினக்ஸ் கர்னலிலேயே 2022 டிசம்பரில், 6.1-இல் நுழைந்துவிட்டது. ஆனால் மெமரி யாருக்குச் சொந்தம் என்று சோதிக்கும் ரஸ்டின் பாரோ செக்கரையும், மெமரி முகவரிகளை மாற்றிக்காட்டும் வன்பொருளின் பேஜ் டேபிளையும் ஒரே மாதத்தில் கற்பது பெரும்பாடு. எது மொழியின் குற்றம், எது வன்பொருளின் குணம் என்று பிரித்தறிய முடியாது. இரண்டாவது கர்னலை ரஸ்டில் எழுதட்டும். அதுவரை பாடம் நடத்த எம்.ஐ.டி.யில் எழுதிய எக்ஸ்வி6 என்ற சிறிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கோடைப் படிக்கட்டும். அதன் கர்னல் சி மொழியும் அசெம்ப்ளியும்தான்.

கர்னலைச் சோதிக்க உதவும் போலிக் கணினியான க்யூஎமு திரும்பத் திரும்ப ரீபூட் ஆனால், பெரும்பாலும் அது டிரிபிள் ஃபால்ட், அதாவது பிழையைக் கையாளும்போதே அடுத்தடுத்துப் பிழை வருவது. நோ-ரீபூட் ஆப்ஷன் கொடுத்து, ப்ராசஸருக்கு வரும் குறுக்கீடுகளைப் பதியும் இன்டரப்ட் லாகை ஆன் செய்து, கடைசி எக்செப்ஷனுக்கு முன்னால் வந்ததைப் பார்க்கச் சொல். கீபோர்டு முதல் விசைக்குப் பிறகு ஊமையானால், இன்டரப்ட் முடிந்தது என்று போர்ட் 20-க்கு 20 அனுப்பினாளா, போர்ட் 60-ஐப் படித்தாளா என்று கேள் (எல்லா எண்ணும் ஹெக்ஸில்). இரண்டும் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் லாகை எனக்கு அனுப்பிவை.

அன்புடன்,
செல்வம்