உன் ஆட்களும் என் ஆட்களும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்தில் பாதி நலம் விசாரிப்பு, மீதிப் பாதி ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டும் என் ஆட்களைப் பற்றிய புகார். முதல் பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள். பேச்சில் இப்போதே அலுவலக வாடை அடிக்கிறது. என் மணிக்கட்டு வலி போனபாடில்லை. மருத்துவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன வண்டி ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "வயது என்ன?" என்றார். அதையும் சொன்னேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அவ்வளவு நீளக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இனி புகார். நீ எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது: உங்கள் குரூஸர் (காலை நீட்டி நிமிர்ந்து ஓட்டும் கனத்த பைக்) குழுவின் பயணத்தில் ஸ்போர்ட்ஸ் பைக் பிள்ளைகள் சிலரையும் சேர்த்துக்கொண்டீர்கள். நேர்சாலையில் அவர்கள் உங்கள் முதுகோடு ஒட்டிக்கொண்டு உறுமினார்கள். மலைப்பாதை தொடங்கியதும் கண்ணில் படாமல் மறைந்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் ஒருவன், "சோஃபாவுக்குச் சக்கரம் மாட்டினால் இப்படித்தான்" என்றான். உங்களில் மூத்தவர் ஒருவர், "டேங்கின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு போவதற்குப் பெயர் வண்டி ஓட்டுவதா?" என்று திருப்பிக் கொடுத்தார். திரும்பும்போது இரண்டு கூட்டமும் வெவ்வேறு சாலைகளில் போயிருக்கின்றன. "உன் ஆட்களுக்கு ஏன் இத்தனை திமிர்?" என்று என்னைக் கேட்கிறாய்.

திமிர் கொஞ்சம் இருக்கலாம். அந்த வயதில் இருநூறு குதிரைத்திறன் கையில் கிடைத்தால் யாருக்கும் வரும். ஆனால் நீ திமிர் என்று எழுதியவற்றில் பாதிக்குமேல் வெறும் காற்று என்பது என் எண்ணம். உவமையாகச் சொல்லவில்லை. ஓட்டும்போது நெஞ்சில் வந்து மோதுகிறதே, அந்தக் காற்றைத்தான் சொல்கிறேன்.

ஸ்போர்ட்ஸ் பைக்கில் உட்காரும் விதத்தை யோசித்துப் பார். ஹேண்டில் தாழ்வு, இருக்கை உயரம், கால்தாங்கி பின்னால். உடல் தானாக முன்னே சாய்ந்துவிடுகிறது. மணிக்கு 110, 120 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும். கைகள் ஹேண்டிலை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். அதே வண்டியை 60-இல் ஓட்டினால் தாங்குவதற்குக் காற்று இல்லை. உடம்பின் முன்பாரம் முழுவதும் இரண்டு மணிக்கட்டிலும் இறங்கும். அரை மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போகும், கழுத்து இறுகும். போதாக்குறைக்கு லிட்டர் பைக்குகளின் (ஆயிரம் சிசி என்ஜின் உள்ளவை) முதல் கியரே 140-ஐத் தாண்டி ஓடும்படி அமைந்திருக்கிறது. ஊர்ந்து செல்லும் வரிசையில் கிளட்சைப் பாதி பிடித்தபடியே போக வேண்டும். என்ஜின் சூடு தொடையைப் பதம் பார்க்கும். உன் பின்னால் உறுமிக்கொண்டு வந்த பையன் உன்னைச் சீண்டுகிறான் என்று நினைத்துவிட்டாய். அவன் கை வலிக்குத் தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தான்.

உன் வண்டியில் எல்லாம் நேர் எதிர். காலை முன்னே நீட்டி, கையை விரித்து, முதுகை நிமிர்த்தி அமர்கிறாய். 70, 80-இல் அதைப் போன்ற சுகம் வேறு கிடையாது. 120-ஐத் தொட்டால் நெஞ்சு பாய்மரமாகிவிடுகிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால், 80-இல் இருந்ததைப் போல இரண்டேகால் மடங்கு அது 120-இல் தள்ளும். காலை ஊன்றி எதிர்க்கலாம் என்றால் கால் எங்கோ முன்னால் இருக்கிறது. ஹேண்டிலில் தொங்கிக்கொண்டுதான் போக வேண்டும். என் ஆட்கள் உங்களைச் சோம்பேறிகள் என்கிறார்கள். உங்களுக்கோ தோள் வலி. ஒருவனுக்குச் சுகமான வேகம் மற்றவனுக்குத் தண்டனையாக இருக்கிறது. இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே வேகத்தில் நாள் முழுக்க ஓட்டவைத்துவிட்டு, குணத்தைக் குறை சொன்னால் எப்படி?

இதை ஏட்டில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. வெளியூர் போன அலுவலக நண்பர் ஒருவர் தன் குரூஸரைச் சில நாட்கள் என்னிடம் விட்டுச் சென்றார். முந்நூறு கிலோவுக்கு மேல் எடை. ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தும்போது இடுப்பு கேள்வி கேட்டது. புறப்பட்ட பின் அந்தக் கனம் எங்கே ஒளிந்துகொண்டது என்று தெரியவில்லை. என்ஜின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றைத் தொடுவதற்கு முன்பே, கியரை மாற்றாமலே, லாரியைத் தாண்டும் இழுவை இருந்தது. என் வண்டியில் அந்தச் சுற்றில் ஒன்றும் நடக்காது. பத்தாயிரத்துக்கு மேல்தான் அது கண்ணையே திறக்கும்.

பிறகு ஒரு வலதுபக்க வளைவு. என் வண்டியில் பிரேக்கைத் தொட நினைக்காத வேகம். சாயத் தொடங்கியதும் காலடியில் 'கிர்ர்ர்' என்று நீண்ட ஒலி: கால்பலகையின் விளிம்பு தாரை உரசுகிறது. பூட்ஸுக்குள் பாதம் அதிர்ந்தது. பலகை கீலில் மடங்கி என் காலை மேலே தள்ளியது. வளைவு முடிந்ததும் ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தேன். விளிம்பில் விரல்நீளத்துக்கு உலோகம் புதிதாகப் பளபளத்தது. அதன் பக்கத்திலேயே மங்கிப்போன பழைய தேய்மானங்கள் வரிசையாக இருந்தன. அந்த நண்பரை நான் பரம சாது என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். உங்கள் வகைப் பெரிய வண்டிகள் பலவும் 25 முதல் 30 டிகிரி சாய்ந்ததும் தரையைத் தொட்டுவிடுகின்றன. ஸ்போர்ட்ஸ் பைக் 45-ஐத் தாண்டியும் சாயும். மோட்டோஜிபி பந்தயத்தில் 60-ஐயும் கடக்கிறார்கள். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள். 26 டிகிரி சாய்வில் அதைக் கடக்கும் வேகம் ஏறத்தாழ 55. 45 டிகிரியில் 80. மலைப்பாதையில் அவர்கள் உங்களை விட்டுவிட்டுப் போனதற்கு இந்த 25 கிலோமீட்டர் வித்தியாசம் போதும்; மரியாதைக் குறைவு என்று ஒன்றைத் தேட வேண்டியதில்லை.

இந்த இடத்தில் என் பக்கத்துக் குட்டையும் உடைத்துவிடுகிறேன். என் ஆட்கள் வண்டியை நிறுத்தியதும் அடுத்தவன் பின்டயரைத்தான் பார்ப்பார்கள். டயரின் ஓரத்தில் சாலையே படாமல் புத்தம்புதிதாக ஒரு பட்டை இருந்தால், அவன் சாய்க்கப் பயப்படுகிறான் என்று பொருள். அந்தப் பட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறைப்பவர்களும் உண்டு. 50 டிகிரி சாயும் வண்டியை வாங்கி 20 டிகிரிகூடச் சாய்க்காமல் வைத்திருப்பவர்கள்தாம் உங்கள் சோஃபாவைப் பற்றி மிகுதியாகப் பேசுகிறார்கள் என்பது நான் கண்டது. கால்பலகை தேயத் தேய ஓட்டும் அந்தச் சாது நண்பர் தன் வண்டியை இவர்களைவிட முழுதாக ஓட்டுகிறார்.

உங்கள் வண்டிச் சத்தம் இசை, எங்களுடையது இரைச்சல் என்று நீ எழுதியிருந்த பத்திக்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். குரூஸருக்குப் பேர்போன அமெரிக்க ஹார்லியின் அந்தத் தாளத்துக்குக் காரணம் தெரியும்: 45 டிகிரியில் இரண்டு சிலிண்டர்கள், இரண்டு பிஸ்டனும் என்ஜினின் சுழல் தண்டில் (கிராங்க்) ஒரே பின்னில். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே தண்டு சுழல்வது 315 டிகிரி, அதற்கடுத்து 405. அதனால்தான் அந்த நொண்டி நடை. அதை வணிகச் சின்னமாகவே பதிவு செய்ய அந்த நிறுவனம் 1994-இல் விண்ணப்பித்து, 2000-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சைலன்சரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு விடியற்காலையில் தெருவை எழுப்பும் உன் குழுக்காரரும், 13,000 சுற்றில் அலறவிடும் என் ஆளும் அண்டை வீட்டுக் குழந்தைக்கு ஒன்றுதான்.

இந்தச் சண்டை நம்மைவிட இளையது என்பது உனக்குத் தெரியுமா? 1968, 1969 இரண்டு ஆண்டுகளும் அமெரிக்காவின் புகழ்பெற்ற பைக் பந்தயமான டேடோனா 200-ஐ வென்றவர் கேல் ரேபோர்ன். அவர் ஓட்டியது ஹார்லி. வேகம் ஒரு கட்சிக்கும் நிதானம் மறு கட்சிக்கும் என்று அப்போது யாரும் பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை. 1969-இல் நான்கு சிலிண்டரும் முன்சக்கர டிஸ்க் பிரேக்குமாக ஹோண்டா சிபி750 வந்தது. வேகத்தின் வீடு மெல்ல மாறத் தொடங்கியது. 1983-இல் ஹார்லி மூழ்கும் நிலையில் இருந்தபோது, 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி பைக்குகளுக்கான வரியை அமெரிக்க அரசு 4.4 சதவீதத்திலிருந்து 49.4 சதவீதமாக உயர்த்தியது. அடுத்த ஆண்டே கவாஸாகியின் முதல் நிஞ்ஜா, 1985-இல் 176 கிலோ உலர் எடையில் (பெட்ரோல், எண்ணெய் சேர்க்காமல்) சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750. கோடு அழுத்தமாக விழுந்தது அந்த மூன்று ஆண்டுகளில்தான் என்று நான் கருதுகிறேன். ஒரு பக்கம் பாரம்பரியம், நாட்டுப்பற்று, குரோமியம். மறு பக்கம் பந்தயத் தடத்திலிருந்து நேராகத் தெருவுக்கு வந்த வண்டி. வாங்குபவர்கள் வண்டியோடு கட்சியையும் சேர்த்து வாங்கினார்கள்.

விற்பவர்களுக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. அதே ஹோண்டா ஷேடோ என்ற குரூஸரைச் செய்தது, யமஹா விராகோ என்ற குரூஸரைச் செய்தது. ஸ்போர்ட்ஸ் பைக்குக்கே பேர்போன டுகாட்டி பின்னாளில் டயாவெல் என்று ஒரு கலப்பினத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2020 முதல், பெட்டி கட்டிய பெரிய டூரிங் வண்டிகளுக்கென்றே ஒரு பந்தயம் நடக்கிறது: ஹார்லியும், 'இந்தியன்' என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தின் பைக்கும் முழங்கால் தரையில் உரச மோதிக்கொள்கின்றன. கலிஃபோர்னியாவின் லகூனா சேகா பந்தயத் தடத்தில் நடந்த முதல் போட்டியை வென்றது இந்தியன் சேலஞ்சர். அதன் காணொளியை உங்கள் மூத்தவருக்குப் போட்டுக் காட்டு. அந்தப் பையனுக்கும் காட்டு.

சிரிக்க முடியாத ஒரு கணக்கும் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு (IIHS) 2005-ஆம் ஆண்டு மரணங்களை வைத்து வெளியிட்ட ஆய்வில், பதிவான வண்டிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், சூப்பர்ஸ்போர்ட் (பந்தய வண்டியை ஒத்த ஸ்போர்ட்ஸ் பைக்) ஓட்டியவர்களின் இறப்பு விகிதம் குரூஸர் ஓட்டியவர்களுடையதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. அங்கே அதிவேகம் பெரிய காரணம். உன் ஆட்கள் இதுவரை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அதே ஆய்வில், இறந்தவர்களில் மது அருந்தியிருந்தவர்களின் பங்கு குரூஸர் பக்கம்தான் கூடுதல். அவரவர் பக்கத்து வரியை அவரவர் விழுங்கிவிடுகிறோம். அமெரிக்க பைக் விபத்துகளை ஆராய்ந்து 1981-இல் வந்த ஹர்ட் அறிக்கை இன்னொன்றைச் சொன்னது: வேறொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகன ஓட்டுநர் பைக்குக்கு வழிவிடாததால் நேர்ந்தவை. குறுக்கே திரும்பும் கார்க்காரர் நீ சோஃபாவில் வருகிறாயா, டேங்கின்மேல் படுத்து வருகிறாயா என்று பார்ப்பதில்லை.

சரி, அடுத்த பயணத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். எல்லோரையும் ஒரே வரிசையில் கட்டாதே. நேர்சாலையில் 90, 100 என்று வைத்துக்கொண்டால் இரண்டு தரப்புக்கும் பாதிச் சுகம், பாதி வலி, அது நியாயம். வளைவுப் பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஸ்போர்ட்ஸ் பைக்குகளை முன்னால் போகவிட்டு, மேலே எங்கே காத்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடு. பிரியும் ஒவ்வொரு சாலையிலும் ஒருவர் நின்று, பின்னால் வருபவருக்கு வழி காட்டிவிட்டுச் சேர்ந்துகொள்ளட்டும். உங்களில் யாரும் அவர்களை வளைவில் துரத்தக் கூடாது. இதில் மட்டும் கண்டிப்பாக இரு. மடங்கும் கால்பலகை உரசுவது எச்சரிக்கை. அதற்கும் மேல் சாய்த்தால் மடங்காத சட்டம் தரையில் ஊன்றி டயரையே தூக்கிவிடும். இன்னொன்று, ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின்னால் நெருக்கமாகப் போக வேண்டாம். அது உங்கள் கனத்த வண்டியைவிடக் குறைந்த தூரத்தில் நின்றுவிடும்.

பெட்ரோல் நிறுத்தங்களை அவர்களுடைய டேங்கை வைத்துத் திட்டமிடு. முறுக்கி ஓட்டினால் இருநூறு கிலோமீட்டருக்குள் அவர்களுக்கு விளக்கு எரியத் தொடங்கிவிடும். அப்படி நிற்கும் ஓர் இடத்தில், அந்தச் சோஃபா பையனிடம் உன் சாவியைக் கொடுத்து அடுத்த நிறுத்தம் வரை ஓட்டச் சொல். அவன் வண்டியை நான் ஓட்டி வருகிறேன். மூத்தவரை என் வண்டியில் ஏற்றலாமா என்றும் யோசித்தேன். அவர் இடுப்புக்கு நான் பொறுப்பேற்க முடியாது. அவரிடமே கேட்டு எழுது.

நான் வருகிறேன் என்றே வைத்துக்கொள். தேதி முடிவானதும் பாதை வரைபடத்தை அனுப்பு. மலைப்பாதை எங்கே தொடங்குகிறது, பெட்ரோல் எங்கெங்கே கிடைக்கும் என்று உன் கையாலேயே குறித்து அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்