பறக்கிற சொம்பில் எத்தனை டிகிரி?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் படிக்கவும் எழுதவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால்தான் தாமதம். கடிதத்தைப் பேத்திதான் வாசித்துக் காட்டினாள். தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று கேட்டதும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம்.

கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்ததுதான் இத்தனை நாளும் என்னோடு இருந்தது. "முப்பது வருஷம் பாய்லர் பக்கத்தில் நின்றவன் நான். ஐன்ஸ்டைனின் சார்பியல் வந்து நேரத்தையும் நீளத்தையும் மாற்றிப்போட்டதே, என் தெர்மாமீட்டரை மட்டும் விட்டுவைத்ததா?" கண்ணை மூடிப் படுத்திருந்தவனுக்கு இதைவிட நல்ல துணை கிடைத்திருக்காது.

முதலில் உன் துறைக்கு உரிய மரியாதையைச் சொல்லிவிடுகிறேன். ஐன்ஸ்டைன் 1902-இலிருந்து 1904 வரை எழுதிய மூன்று கட்டுரைகள் வெப்பத்தின் அடிப்படையைப் பற்றியவை. ஒளியும் பொருளும் எப்படி இயங்குகின்றன என்று தேடி வழி கிடைக்காமல் தவித்தபோது, வெப்ப இயக்கவியலைத்தான் முன்மாதிரியாக வைத்துக்கொண்டதாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அது பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று குடைவதில்லை. ஒன்றும் போடாமல் ஓயாமல் ஓடும் எந்திரத்தை யாராலும் செய்ய முடியாது என்ற ஒரு 'முடியாது'வைப் பிடித்துக்கொண்டே அவ்வளவு தூரம் போய்விடுகிறது. 1905-இல் ஐன்ஸ்டைன் தன் சார்பியலுக்கு அடித்தளமாக இன்னொரு 'முடியாது'வை வைத்தார்: சீராகப் போகிற வண்டிக்குள் இருந்துகொண்டு, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. ஒளியின் வேகம் எல்லோருக்கும் ஒன்று என்பதையும் சேர்த்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதிலிருந்து வரவழைத்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சரி, உன் தெர்மாமீட்டருக்கு வருகிறேன். பொருளுக்குள் துகள்கள் எவ்வளவு கலைந்து கிடக்கின்றன என்பதன் அளவான என்ட்ரோபியில் சண்டையே இல்லை. ஒரு சொம்புத் தண்ணீருக்கு மெதுவாக வேகம் ஏற்றினால் வெப்பம் உள்ளேயும் போவதில்லை, வெளியேயும் வருவதில்லை. ஆகவே நின்றபோது இருந்த என்ட்ரோபிதான் பறக்கும்போதும். 1907-இல் ஜெர்மானிய இயற்பியலர் மாக்ஸ் பிளாங்க் இந்த இடத்திலிருந்துதான் கிளம்பினார். வெப்பநிலையில்தான் தகராறு.

நம் சொம்பு ஒளியின் வேகத்தில் அறுபது சதவீதத்தில் பறக்கிறது என்று வை. கூடவே பறக்கிறவனுக்கு அது 300 கெல்வின், அதாவது 27 டிகிரி. தரையில் நிற்கிற நமக்கு? பிளாங்க் கணக்குப்படி குளிர்ந்துவிடும்: 240 கெல்வின், உறைநிலைக்குக் கீழே 33 டிகிரி. ஐன்ஸ்டைனும் 1907-இல் அதைத்தான் சொன்னார். 1963-இல் வெளிவந்த, இயற்பியலர் ஹைன்ரிக் ஓட்டின் கட்டுரை நேர் எதிராகச் சொன்னது: சூடு ஏறும், 375 கெல்வின், கொதிநிலையையும் தாண்டிவிடும். அதற்குப் பல வருஷம் முன்பே, 1952-இல், ஐன்ஸ்டைன் தன் பழைய கருத்தை மாற்றிக்கொண்டு இதே பக்கம் சாய்ந்திருந்தது இயற்பியலர் மாக்ஸ் ஃபான் லாவேக்கு அவர் எழுதிய கடிதங்களில் தெரிகிறது. அப்புறம் 1966-இல் இயற்பியலர் லேண்ட்ஸ்பெர்க் வந்து, மாறவே மாறாது, 300-தான் என்றார்.

ஒரே தண்ணீர், மூன்று பதில். ஆனால் எவர் பார்த்தாலும் சொம்பில் இருப்பது தண்ணீர்தான். ஐஸும் கட்டாது, கொதிக்கவும் செய்யாது. கூர்ந்து பார்த்தால், பறக்கிற பொருளுக்குள் போகும் ஆற்றலில் எவ்வளவை வெப்பம் என்பது, எவ்வளவை வேலை என்பது என்பதில்தான் மூவரும் பிரிகிறார்கள். தெர்மாமீட்டர் பொருளோடு சேர்ந்து நிற்கும்போதுதான் 'எத்தனை டிகிரி' என்பது முழுக் கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது.

இதற்கு வானத்திலேயே சாட்சி இருக்கிறது. பிரபஞ்சம் முழுக்க நிறைந்திருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சின் வெப்பநிலை 2.725 கெல்வின். சூரியன் நம்மையும் இழுத்துக்கொண்டு அதனூடே நொடிக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதனால் சிம்ம விண்மீன்கள் இருக்கும் பக்கம் 0.0034 டிகிரி கூடுதலாகவும், எதிர்ப்பக்கம் அதே அளவு குறைவாகவும் தெரிகிறது. ஓடுகிறவனுக்கு வானம் ஒரே வெப்பநிலையைக் காட்டுவதில்லை, திசைக்கு ஒன்றாகக் காட்டுகிறது.

ஆனால் என்னை உலுக்கியது இது இல்லை, 1930-இல் அமெரிக்க இயற்பியலர் டோல்மன் கண்டது. ஆற்றலுக்கு நிறை உண்டு என்றால் வெப்பத்துக்கும் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோனால், ஒரு கிராமில் முப்பது கோடியில் ஒரு பங்கு எடை கூடும். எடை இருந்தால் ஈர்ப்பு அதை இழுக்கும். நன்றாக மூடிய ஓர் உயரமான குழாயை எத்தனை காலம் விட்டுவைத்தாலும் மேலும் கீழும் ஒரே வெப்பநிலைக்கு வராது. கீழே விழும் கதிர்வீச்சு ஆற்றல் கூடிப் போய்ச் சேருகிறது, மேலே ஏறுவது இழந்து போகிறது. கீழ்முனை ஒரு துளி சூடாக இருந்தால்தான் கொடுக்கல் வாங்கல் சரியாகும். பூமியில் அந்த வித்தியாசம் மீட்டருக்கு நூறு கோடி கோடியில் ஒரு பங்குதான். சூரியன் அளவு எடையை ஒரு நகர அளவுக்குள் அமுக்கி வைத்தது போன்ற நியூட்ரான் விண்மீனில் அப்படி இல்லை. அதன் பரப்பின் வெப்பநிலை தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத் தெரியும்.

சமநிலை என்றால் எங்கும் ஒரே வெப்பநிலை என்று நாம் முதல் வகுப்பில் படித்தோமே, அந்தப் பூஜ்ஜியமாம் விதியையே சார்பியல் தொட்டிருக்கிறது மாப்ளே. உன் தெர்மாமீட்டரை அது விட்டுவைக்கவில்லை.

கருந்துளைக்கும் வெப்பநிலை உண்டு என்று 1974-இல் ஹாக்கிங் சொன்னதைப் பற்றி நேரில் பேசலாம். தை பிறந்ததும் பேத்தியோடு வருகிறேன். மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறாள். உன்னுடைய அந்தப் பழைய ஸ்டீம் டேபிள் புத்தகத்தைப் பார்க்க வேண்டுமாம், ஓரத்தில் பென்சிலில் நீ எழுதி வைத்த குறிப்புகளோடு. தேடி எடுத்து வை.

என்றும் அன்புடன்,
உன் மச்சான்