குளூம்ஹேவன்: பெரிய பெட்டியும் பெரிய வேலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளூம்ஹேவன் பலகை விளையாட்டைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த அறிமுகக் கட்டுரையைப் படித்தேன். பெட்டியின் எடை ஏறத்தாழ 10 கிலோ, உள்ளே 95 சாகசங்கள், 17 வகை வீரர்கள் என்று கட்டுரையாளர் அடுக்கிய கணக்கில் பிழையேதும் இல்லை. ஆனால் இந்த விளையாட்டு ஆடுபவர்களை ஏன் இப்படிக் கட்டிப்போடுகிறது, அவர்களையே ஏன் பாதி வழியில் சோர்ந்துபோகவும் வைக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்தக் கணக்கில் விடை கிடையாது. அளவையே பெருமையாகக் கட்டுரை காட்டிவிட்டதால், வாங்க நினைக்கும் வாசகருக்குப் பயன்படக்கூடிய சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நிலவறைக்குள் குழுவாகப் புகுந்து, அரக்கர்களை வீழ்த்தி, பொருள் சேர்த்துத் திரும்பும் ஆட்டம் புதிதல்ல. 1974-இல் வந்த டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸின் வழியில் 1989-இல் ஹீரோகுவெஸ்ட்டும் 2005-இல் டிசென்ட்டும் வந்தன. அவற்றில் ஒருவர் எதிரிகளின் பக்கம் அமர்வார். அடி விழுமா விழாதா என்பதைப் பகடை சொல்லும். ஐசக் சில்ட்ரஸ் வடிவமைத்து 2017-இல் வெளியான குளூம்ஹேவனில் இந்த இரண்டுமே இல்லை. எதிரிக்கென்று தனி ஆள் கிடையாது, பகடையும் கிடையாது. எல்லாம் சீட்டுகளின் வழியாகவே நடக்கிறது. கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துபோன இந்தச் சீட்டு முறைதான், என் கருத்தில், விளையாட்டின் உயிர்நாடி.

ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டக்காரர் கையிலிருந்து இரண்டு சீட்டுகளைத் தேர்ந்தெடுக்கிறார்; ஒன்றின் மேற்பாதியையும் மற்றதன் கீழ்ப்பாதியையும் பயன்படுத்துகிறார். மேற்பாதியில் பெரும்பாலும் தாக்குதலும் கீழ்ப்பாதியில் பெரும்பாலும் நகர்வும் இருக்கும். நமக்கு வேண்டிய அடியும் வேண்டிய ஓட்டமும் ஒரே சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வது இங்கே வாடிக்கை. இந்தச் சுற்றில் அரக்கர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்பது, நாம் சீட்டைத் தேர்ந்து கவிழ்த்து வைத்த பிறகுதான் தெரியும். கையிலுள்ள சீட்டுகள்தாம் வீரரின் ஆயுளும்கூட. ப்ரூட் என்னும் வீரருக்கு 10 சீட்டுகள். அவை தீர்ந்ததும் ஓய்வெடுத்து மீண்டும் கைக்கு எடுக்கலாம். ஒவ்வொரு ஓய்விலும் ஒரு சீட்டு அந்தச் சாகசம் முடியும்வரை போய்விடும். எதையும் வீணாக்காமல் குறுகிய ஓய்வுகளோடு ஆடினால் ப்ரூட் 25 சுற்றுகள் தாங்குவார். ஆனால் வலிமையான தாக்குதல்கள் பலவும் ஒருமுறை பயன்படுத்தியதும் சீட்டையே பறித்துக்கொள்பவை. அப்படியொன்றை முதல் சுற்றிலேயே வீசிவிட்டால் 25 சுற்றுகள் 21 ஆகக் குறைகின்றன. நான்கு சீட்டுகளே மிஞ்சியிருக்கும் வேளையில் வீசினால் இழப்பு ஒரே ஒரு சுற்றுதான். போதாக்குறைக்கு, விழவிருக்கும் அடியைத் தடுக்கவும் கைச்சீட்டு ஒன்றைப் பலிகொடுக்கலாம். இந்தக் கணக்கு முதல் சுற்று தொடங்கிக் கடைசிக் கதவுவரை மனத்தில் ஓடிக்கொண்டே இருப்பதால்தான், மூன்று மணி நேரம் போனதே தெரியாமல் பலர் ஆடுகிறார்கள்.

இன்னொரு விதியும் பாராட்டுக்குரியது. யார் முந்துவது என்பதைத் தீர்மானிக்கும், சீட்டில் அச்சிட்ட எண்ணைத் தோழர்களிடம் அப்படியே சொல்லக்கூடாது. 'சீக்கிரம் போவேன்', 'தாமதமாகத்தான் வருவேன்' என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அனுபவசாலி ஒருவரே நால்வருக்கும் சேர்த்து ஆடிவிடும் தொல்லை, கூட்டு விளையாட்டுகள் பலவற்றைக் கெடுப்பது. இந்த விதி அதை அறவே ஒழிப்பதில்லை என்றாலும் நன்றாகவே மட்டுப்படுத்துகிறது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். எதிரிக்கென்று தனி ஆள் இல்லை என்றால், எதிரியின் வேலையை ஆட்டக்காரர்களே பார்க்கிறார்கள் என்று பொருள். ஒவ்வோர் அரக்க வகைக்கும் தனிச் சீட்டுக்கட்டு. ஒவ்வோர் அரக்கனுக்கும் எண்ணிட்ட அட்டை உருவம். அதற்கு நேர்ந்த காயத்துக்கும் நஞ்சுக்கும் தனித்தனி டோக்கன்கள். அரக்கன் யாரைக் குறிவைப்பான், எந்த வழியில் நகர்வான் என்பதற்கு நுணுக்கமான விதிகள் உண்டு; நெருக்கடியான அறைகளில் அவற்றை ஒட்டி எழும் வாதம் அந்தச் சண்டையைவிட நீளும். ஆட்டம் தொடங்கும் முன்பே, வீரர்களின் சராசரி அனுபவ நிலையைப் பாதியாக்கிக் கடினத்தைக் கணக்கிட்டு, பெட்டிக்குள் உரிய தரைத்துண்டுகளைத் தேடிப் பொருத்த வேண்டும். பெட்டி யாருடையதோ அவர் தலையிலேயே இவ்வளவும் விழுகிறது. நால்வர் ஆடும் மேசையில் ஒருவர் மட்டும் குமாஸ்தாவாகிவிடுகிறார். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது.

அந்தக் குமாஸ்தாவுக்கு இன்னோர் இழப்பும் உண்டு. சாகசப் புத்தகம் முழு வரைபடத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிவிடுகிறது. அடுத்த அறையில் யார் காத்திருக்கிறார்கள் என்பதை அறியாமல் கதவைத் திறப்பதுதானே நிலவறை ஆட்டத்தின் சுவை? ஆட்டத்தை விரித்து வைப்பவருக்கு அது கிட்டாது.

தங்கக் காசு பற்றிய விதி விவாதத்துக்குரியது. குழுவாகப் போரிட்டாலும் காசு அவரவருக்கே. ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க முடியாது. சாகசம் முடிந்த நொடியில் தரையில் கிடப்பவை யாருக்கும் இல்லை. எனவே கடைசி அரக்கனை உடனே வீழ்த்தாமல், ஒருவர் காசு பொறுக்கி முடிக்கட்டும் என்று மற்றவர்கள் காத்திருக்கும் விந்தை நேர்கிறது. காத்திருக்க மறுப்பவரோடு மனத்தாங்கலும் வருகிறது. கூலிக்குப் போரிடுபவர்களின் குணத்தை இது காட்டுகிறது என்பார்கள் இதன் ஆதரவாளர்கள். குணம் புரிகிறது, ஆனால் உயிருக்குப் போராடும் தோழரை விட்டுவிட்டுக் காசை நோக்கி ஓடுபவருக்கு விதியே பரிசளிப்பது எனக்கு உவப்பாக இல்லை.

கதையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிளைகள் பல, வாரக்கணக்கில் இடைவெளி விட்டு ஆடும் குழுவுக்கு, இந்தக் குகைக்குள் எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோகும். அடுத்த வாரமும் ஆட்களை மேசைக்கு இழுப்பவை முத்திரையிட்ட சிறு பெட்டிகள்தாம். ஒரு வீரர் தம் தனி இலக்கை எட்டியதும் ஓய்வுபெறுகிறார். வழக்கமாக அப்போது புதிய வீரரின் பெட்டி திறக்கிறது. புதியவரின் சீட்டுகள் உண்மையிலேயே வேறுவிதமாக ஆட வைப்பதால், இந்த ஆசைகாட்டலில் ஏமாற்று இல்லை.

மேற்சொன்னவற்றில் பல தவிர்க்க முடியாத குறைகள் அல்ல என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2020-இல் வெளிவந்த 'ஜாஸ் ஆஃப் தி லயன்' என்னும் சிறிய பெட்டியில் 25 சாகசங்கள், 4 வீரர்கள். வரைபடம் புத்தகப் பக்கத்திலேயே அச்சாகியிருப்பதால் தரைத்துண்டுகளைத் தேடும் வேலையே இல்லை. முதல் ஐந்து சாகசங்கள் விதிகளைச் சிறிது சிறிதாகக் கற்றுத்தருகின்றன. 2021-இல் முழுமையாக வெளியான கணினிப் பதிப்பில் அரக்கர்களின் கணக்கைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. சீட்டு முறையின் சுவை அதனால் சற்றும் குறையவில்லை. ஆனால் அதே 2020-இல் ஃபிராஸ்ட்ஹேவன் என்னும் அடுத்த பெரிய பெட்டிக்கு, பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் ஏறத்தாழ 1.3 கோடி டாலர் குவிந்தது. அதில் ஊரைக் கட்டியெழுப்பும் வேலையும் சேர்ந்துகொண்டது. பெரிதாக இருந்தால்தான் வாங்குவோம் என்று நாமே சொல்லிக்கொண்டிருக்கும்போது வடிவமைப்பாளரை மட்டும் குறை கூறுவது முறையாகாது.

ஆகவே இத்தகைய விளையாட்டுகளைத் தங்கள் நாளிதழ் இனி அறிமுகப்படுத்தும்போது, மேசையில் விரித்து வைக்க எவ்வளவு நேரமாகும், எதிரியின் வேலையைப் பார்ப்பவர் யார், அதே குழு தொடர்ந்து கூடாவிட்டால் ஆட்டம் என்னவாகும் என்பவற்றையும் கட்டுரையாளர்கள் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பெரிய பெட்டியை வாங்கும் எண்ணத்தில் இருக்கும் வாசகர்கள், முதலில் சிறிய பெட்டியை ஆடிப் பார்க்கலாம்; 25 சாகசங்களையும் முடித்த பிறகும் ஆசை அடங்கவில்லையென்றால் பெரியதை வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்